தேயிலை மலையில் குளோவர் தரை: புல் வெட்டும் வேலை குறையுமா?

கேமரன் மலை – பிரிஞ்சாங்கில் குடியிருக்கும் என் சின்னம்மா சில வாரங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு குளிர்நாட்டு வீடு. வாசலில் புல்லுக்குப் பதிலாக மூன்று இலைச் செடி ஒன்று மெத்தை விரித்ததுபோல் படர்ந்து கிடக்கிறது. இதை வெட்ட வேண்டாம், உரம் போட வேண்டாம், களை பிடுங்க வேண்டாம் என்று அந்தப் பெண்மணி அடுக்கிக்கொண்டே போகிறார். கீழே சின்னம்மாவின் கேள்வி: “இது நம்ம மலையில வருமா?”

நியாயமான கேள்விதான். கேமரன் மலையில் மழைக்குக் குறைவில்லை. தானா ராத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. புல்லை இன்று வெட்டினால் இரண்டு வாரத்தில் மறுபடியும் முழங்காலைத் தொடும். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்ட ஆள் இல்லை. கூலிக்கு ஆள் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் களைக்கொல்லி அடிக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று உண்டென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வரும் என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் காணொளியில் வந்த மாதிரி தூவிவிட்டால் வராது. தேயிலைக்கு நம் மலையைப் பிடித்த அதே காரணத்தால்தான் குளோவருக்கு இந்த மண் பிடிக்காது. அதைச் சரிசெய்யாமல் விதை வாங்கினால் காசு மழைத் தண்ணீரோடு போய்விடும்.

எது குளோவர்?

நாம் பேசுவது வெள்ளைக் குளோவர். ஐரோப்பாவிலும் மேற்கு, மத்திய ஆசியாவிலும் தானாக வளரும் மேய்ச்சல் செடி. மொச்சை, பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் குடும்பம். தரையோடு தண்டு ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள்தான் நிற்கும். சிவப்புக் குளோவர் என்று இன்னொன்று இருக்கிறது. அது உயரமாக வளரும் தீவன வகை, வாசலுக்கு ஆகாது.

நம்மவர்கள் பலர் இதைப் புளியாரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். புளியாரை நம் தோட்டங்களில் பூச்சட்டி இடுக்கில்கூட முளைக்கும். கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும். அதற்கும் மூன்று இலைதான். ஆனால் புளியாரையின் ஒவ்வோர் இலையும் நுனியில் பிளந்து இதய வடிவில் இருக்கும், பூ மஞ்சள். வெள்ளைக் குளோவரின் இலை முட்டை வடிவம், பெரும்பாலும் நடுவில் வெளிறிய அம்புக்குறி போல ஒரு கோடு, பூ வெள்ளை உருண்டை. நான்கு இலை கண்டால் அதிர்ஷ்டம் என்று வெள்ளைக்காரர்கள் சொல்வது இந்தக் குளோவரைத்தான். நம் ஊர் ஆரைக்கீரைக்கு எப்போதுமே நான்கு இலை. அது நீரோரத்தில் வளரும் வேறு செடி. தமிழில் குளோவருக்கு நிலைத்த பெயர் இல்லை. இலக்கியம் படித்த ஆசையில் ஒன்றை நானே உருவாக்கிப் பார்த்தேன். விதைக் கடையில் அதைச் சொன்னால் கடைக்காரருக்குப் புரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

குளோவரை வாசல் செடியாக்குவது புதுமோகமும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்பு புல்விதைக் கலவையிலேயே வெள்ளைக் குளோவர் சேர்ந்திருக்கும். 1940களில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை மட்டும் விட்டுவைத்தது. குளோவரும் அகன்ற இலைதான், அதுவும் செத்தது. மருந்துக்குத் தப்பாத நல்ல செடி அதன் பிறகு “களை” என்று பெயர் வாங்கியது. இப்போது தண்ணீர்ச் செலவும் உரச் செலவும் கூடிய பிறகு அதையே மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வேரில் இருக்கும் உரக்கடை

குளோவருக்கு உரம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதன் வேர். இதை நேரில் பார்க்கக் குளோவர் தேவையில்லை. வீட்டுப் பக்கத்தில் இருக்கும் தொட்டாச்சிணுங்கியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் கடுகு அளவில் முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த முடிச்சுக்குள் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான், ஆனால் புல்லால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அதனால்தான் புல்லுக்கு யூரியா போடுகிறோம்.

மிதவெப்ப நாடுகளின் நல்ல மேய்ச்சல் நிலங்களில் வெள்ளைக் குளோவர் ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டருக்கு 100 முதல் 200 கிலோ வரை நைட்ரஜனைச் சேர்க்கிறது. நம் வாசலில் அந்த அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் செடி தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும், கூட இருக்கும் புல்லுக்கும் கொஞ்சம் கசியும்.

இது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரக் கன்றுகளுக்கு நடுவே படர்ந்து கிடக்கும் கொடி நினைவிருக்கும். பியூரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா என்று அவற்றுக்குப் பெயர். எல்லாம் இதே பயறுக் குடும்பம். 1990களிலிருந்து செம்பனைத் தோட்டங்களில் முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடி பரவியது; அதன் சொந்த ஊர்களில் இந்தியாவும் ஒன்று.

அந்தக் கொடிகள் வருவதற்கு முன் நடந்ததுதான் கொடுமை. ரப்பர் வந்த தொடக்கக் காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது பல துரைமார்களின் கொள்கை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு நாள் முழுவதும் தரையைச் சுரண்டினார்கள். மரத்தோடு போட்டி போடும் களை போய்விட்டது என்று நினைத்தார்கள். ஒவ்வொரு மழையிலும் மேல்மண் ஓடியது. சரிவுகளில் வேர் வெளியே தெரியும் அளவுக்குப் போன பிறகுதான் மூடுபயிர் பற்றிப் பேச்சு வந்தது. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பின்னர் நடத்திய ஆய்வுகளில், பயறுக் கொடிகள் மூடிய நிலத்தில் மரங்கள் சீக்கிரமாகவே பால்வெட்டுக்கு வந்தது தெரிந்தது. நம் தாத்தா பாட்டிகள் இடுப்பொடியச் சுரண்டியதில் பாதி, செய்யாமல் இருந்திருந்தாலே நிலத்துக்கு நல்லது.

மருந்தடித்த கைகள்

மண்வெட்டி போனது, தோளில் பம்பு வந்தது. என் பாட்டி கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் “மருந்தடிக்கும்” வேலை பார்த்தவர். முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் பழைய துண்டு. கையுறை கொடுத்ததாக அவர் சொன்னதில்லை. கடைசிக் காலம் வரை அவரது விரல் நகங்கள் தடித்து நிறம் மாறியே இருந்தன. வீட்டு வாசலில் யாராவது களைக்கொல்லி அடித்தால் சன்னலை எல்லாம் மூடச் சொல்வார்.

அப்படி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். அவர்களின் நிலையைத் தெனகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு வெளியே கொண்டுவந்தது. அப்போது அதிகம் பயன்பட்ட களைக்கொல்லிகளில் ஒன்று பாராகுவாட். அதே 2002இல் அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைச் சுமந்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே “களை வராத தரை” என்பது வாசல் அழகு பற்றிய பேச்சு மட்டும் இல்லை. தரையை ஒரு செடி மூடிக்கொண்டால் களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது, மருந்தடிக்கும் தேவை குறையும். இன்று அந்தப் பம்பைச் சுமப்பவர் தமிழராக இல்லாமல் வங்காளதேசத்துத் தொழிலாளியாகவோ நேப்பாளியாகவோ இருக்கலாம். நுரையீரல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தேயிலை விரும்பும் மண், குளோவர் வெறுக்கும் மண்

ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குச் சாதகமாக இருந்தவை மூன்று: குளிர், மழை, புளிப்பு மண். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட பிஎச் அளவில் செழிக்கும். இவ்வளவு புளிப்பான மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிவரும். பெரும்பாலான செடிகளின் வேர் அதில் கருகிக் கட்டையாகிவிடும். தேயிலை மட்டும் அந்த அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிய செடி.

குளோவர் அப்படி இல்லை. அதற்கு பிஎச் 6லிருந்து 7 வரை இருந்தால் நல்லது. 5.5க்குக் கீழே போனால் வேர் வளராது. அதைவிட முக்கியமாக வேர் முடிச்சில் இருக்க வேண்டிய நுண்ணுயிரி பிழைக்காது. முடிச்சு இல்லாத குளோவர் மஞ்சள் பூத்து நிற்கும். உரம் வேண்டாத செடி என்ற பெருமையே அங்கே போய்விடுகிறது.

உங்கள் மண் எப்படி என்று அறிய ஒரு சுலபமான வழி கேமரன் மலையில் பாதி வீடுகளின் வாசலிலேயே இருக்கிறது: ஹைட்ரேஞ்சியா. பந்து பந்தாகப் பூக்கும் அந்தப் பூ நல்ல நீலமாக இருந்தால் மண் புளிப்பு, அலுமினியம் கரைந்திருக்கிறது. இளஞ்சிவப்பாக இருந்தால் புளிப்பு குறைவு. வெள்ளை வகையை வைத்துச் சொல்ல முடியாது, அது நிறம் மாறாது. சரியான எண் வேண்டுமானால் விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியை வாங்கலாம், அல்லது மாவட்ட விவசாயத் துறையில் கேட்கலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குளோவர் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். குளோவருக்காகச் சுண்ணாம்பு போட்டால் தேயிலை வாடும். போடாவிட்டால் குளோவர் வாடும். தவிர, வளர்ந்த தேயிலைக்கு மூடுபயிரே தேவையில்லை. கொழுந்து பறிக்கும் மட்டத்தில் செடிகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதால் அதுவே தரைக்குக் குடை. ஆபத்தான காலம் இரண்டுதான்: கன்று நட்ட முதல் சில ஆண்டுகள், கவ்வாத்து வெட்டித் தரை வெயிலைப் பார்க்கும் மாதங்கள். கவ்வாத்து என்றால் செடியைத் தாழ வெட்டிப் புதுக்கிளை விடச் செய்வது. அப்போது வெட்டிய கிளைகளை அங்கேயே பரப்பி விட்டாலே மண் காக்கப்படும். இலங்கை மலையகத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடும் முன், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை கோத்தமாலைப் புல் அல்லது மானாப் புல் வளர்த்து, வெட்டி நிலத்திலேயே போட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அது. தேயிலைக்கு ஏற்ற மூடாக்கு அந்த வழிதான்.

குளோவருக்கு ஏற்ற இடம் வீட்டு வாசல், கோயில் வளாகத்துப் புல்தரை, பள்ளித் தோட்டத்து ஓரம்.

குளிர் போதுமா?

போதும். தமிழ்நாட்டின் நீலகிரியில், கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வெள்ளைக் குளோவர் புல்தரைகளில் குடியேறி ஊர்ச்செடி போலவே ஆகிவிட்டது. ஊட்டிக்கு அருகே சாந்திநல்லாவில் உள்ள செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் கிக்கியூ புல்லோடு சேர்த்து அதை ஆடுகளுக்கு மேய்ச்சலாக வளர்க்கிறார்கள். கேமரன் மலை அவ்வளவு உயரம் இல்லை; தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். ஆனாலும் பகலில் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டாமல், இரவில் 15, 16க்கு இறங்கும் நம் தட்பவெப்பம் குளோவர் விரும்பும் எல்லைக்குள்தான் வருகிறது. பிரிஞ்சாங் பக்கம் இன்னும் வசதி. மலையில் தாழ இருக்கும் ரிங்லெட்டில் சற்றுச் சிரமப்படலாம்.

கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இரவிலும் 24 பாகைக்குக் கீழே இறங்காத ஊரில் வெள்ளைக் குளோவர் முளைக்கும், சில மாதம் ஆசை காட்டும், பிறகு அழுகும். உங்களுக்கு ஏற்றது பிந்தோ கடலை. சாலை நடுத்திட்டுகளில் சிறு மஞ்சள் பூவோடு படர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1954இல் பிரேசிலில் இதைச் சேகரித்த பிந்தோ என்ற தாவரவியலாளரின் பெயர்தான் அதற்கு. நிலக்கடலையின் உறவு. புளிப்பு மண்ணையும் ஓரளவு நிழலையும் தாங்கும், விதை வேண்டாம், தண்டைக் கிள்ளி நட்டால் போதும். அது மலைக்கும் வருமே என்றால், வரும். ஆனால் குளிரில் மிக மெதுவாகத்தான் படரும். அவசரம் இல்லாதவர்கள் சுண்ணாம்பு வேலையை மிச்சப்படுத்தி மலையிலும் அதையே நடலாம்.

எப்படிப் போடுவது?

முதலில் சுண்ணாம்பு. விவசாயக் கடைகளில் ஜிஎம்எல் அல்லது டோலமைட் என்று கேளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மூட்டை பார்த்தவுடன் தெரியும். புளிப்பான மண்ணுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தூவி, நான்கு விரல் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மூன்று நான்கு வாரம் விட்டுவிட வேண்டும். பத்தடிக்குப் பத்தடி வாசல் என்றால் இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை ஆகும். நீல ஹைட்ரேஞ்சியா நீலமாகவே இருக்க வேண்டும் என்றால் அதன் அடியில் தூவாதீர்கள்.

இந்த இடைவெளியில் பழைய புல்லையும் களையையும் வேரோடு எடுத்துவிடுங்கள். முளைக்கும் களையை மறுபடியும் ஒருமுறை கொத்துங்கள். இங்கே சோம்பல்பட்டால் பிறகு ஆறு மாதம் உட்கார்ந்து பிடுங்க வேண்டி வரும். குளோவர் சின்ன வயதில் மிக மெதுவாக வளரும். அதற்குள் லாலாங் முந்திக்கொள்ளும்.

விதை கடுகைவிடச் சிறியது. ஒரு கிலோவில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிராம் போதும். பத்தடிக்குப் பத்தடிக்கு 25 கிராம். உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சமமாக விழும். மேலே மண் மூடக்கூடாது. காலால் மெதுவாக அழுத்தினால் போதும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். மாதம் பார்த்துப் போடுங்கள். கேமரன் மலையில் ஏப்ரல், மே ஒரு மழை உச்சம். அக்டோபர், நவம்பர் இன்னொன்று. அப்போது விதைத்தால் விதை லோங்காங்கில் முளைக்கும். ஜூன், ஜூலை அல்லது ஜனவரி கடைசியில் விதைத்துப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பது நல்லது.

வேர் முடிச்சு நுண்ணுயிரி பற்றி விதைப் பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். அது பூசப்பட்ட விதையும் விற்கிறார்கள். தொட்டாச்சிணுங்கிக்கு இருக்கும் நுண்ணுயிரி குளோவருக்கு உதவாது, அதற்கு வேறு இனம். உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே குளோவர் நல்ல பச்சையாக நிற்கும் புல்தரை இருந்தால், அதன் வேரடியிலிருந்து கைப்பிடி மண் எடுத்து மணலோடு கலந்து தூவலாம். கோஸ் பயிரிட்ட நிலத்திலிருந்து மட்டும் மண் கொண்டுவர வேண்டாம். கோஸ் வேரை வீங்க வைக்கும் நோய் இந்த மலையில் இருக்கிறது. அது மண்ணோடுதான் பயணம் செய்யும்.

இணையத்தில் வெளிநாட்டு விதை மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். மலேசியாவுக்குள் விதை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அது. உள்ளூர் விதை வணிகரிடம் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

முளைத்த பிறகு முதல் எதிரி நத்தை. ஈரமான இரவுகளில் பிஞ்சை மேய்ந்துவிடும். டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பது பழைய முறை, இன்றும் அதுதான் நல்ல முறை. மூன்று மாதத்தில் தரை மூடிக்கொண்டால் பெரிய வேலை முடிந்தது. பிறகு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உயரமாக வைத்து வெட்டினால் அடர்த்தியாகும். ஆகவே “வெட்டவே வேண்டாம்” என்ற காணொளிப் பேச்சில் பாதிதான் உண்மை. அகன்ற இலைக் களைக்கொல்லியை அந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது, குளோவரும் சேர்ந்து சாகும்.

பிள்ளைகள் தினமும் பந்து விளையாடும் இடத்தில் தனிக் குளோவர் நசுங்கிப் போகும். அங்கே புல்லோடு கலந்து போடுங்கள். பூத்தால் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடும் சிறு பிள்ளை வீட்டில் இருந்தால் பூ தலைதூக்கும்போது வெட்டிவிடலாம். பாம்பு ஒளியுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு சாண் உயரத் தரையில் ஒளிவதைவிட, வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் பழைய பலகைக்குள்தான் அதற்கு வசதி. வாசற்படிக்கு நேரே கோலம் போடும் இடத்தை மட்டும் சிமென்ட் தரையாகவே விட்டுவிடுங்கள். அங்கே செடி வளர்த்து வீட்டில் பகை வாங்க வேண்டாம்.

சரிவில் மட்டும் நம்ப வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேமரன் மலையில் மண் அரிப்பு என்பது உயிர்ப் பிரச்சினை. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் மேலேயிருந்து அடித்துவரப்படும் மண் ஆண்டாண்டாகப் படிகிறது. தூர்வாரும் வேலை ஓய்வதில்லை. தேங்கும் இடம் குறைந்தால் பெருமழையில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய நிலை சீக்கிரம் வரும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணை திறக்கப்பட்டபோது பெர்த்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் வீடுகளைப் புரட்டிப் போட்டு உயிர்களையும் கொண்டுபோனதை இந்த மலை மறக்கவில்லை.

அந்த மண்ணில் பெரும்பகுதி காடு வெட்டித் திறந்துவிட்ட நிலங்களிலிருந்து வருவது. உங்கள் வாசல் குளோவர் அதைத் தடுக்காது. தடுக்கும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் வெறுமண்ணாகக் கிடக்கும் சமதரையில் மழைத்துளி நேரடியாக விழாமல் அது காக்கும். உங்கள் வீட்டு லோங்காங்கில் மஞ்சள் தண்ணீர் ஓடுவது குறையும். செங்குத்தான சரிவில் நிலைமை வேறு. குளோவரின் ஆணிவேர் ஓரிரண்டு ஆண்டில் போய்விடும். பிறகு தண்டுக் கணுக்களிலிருந்து இறங்கும் வேர்கள் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் அதிகம் போகாது. மேலே பச்சைப் போர்வை, அடியில் பிடிப்பு இல்லை. பெருமழையில் போர்வையோடு சரியும்.

சரிவுக்கு வெட்டிவேர் நடுங்கள். வேர் நேராகக் கீழிறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரைகூடப் போகும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான். மலேசியாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி.கே. யூன் 1990களின் தொடக்கத்தில் அதைப் பெரிய அளவில் சோதித்தவர். சரிவுக்குக் குறுக்கே, சமமட்ட வரிசையாக நெருக்கி நட வேண்டும். குளிரில் கொஞ்சம் தாமதமாகும். மண்ணில் வெடிப்பு விட்டிருந்தாலோ சுவர் சாய்ந்திருந்தாலோ எந்தச் செடியும் உதவாது. அதை மாவட்ட மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

தோட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்து வாசல் நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. சுண்ணாம்பு போடும் முன் மேனேஜரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலை வரிசை வாசலுக்கு மிக அருகில் இருந்தால், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, மேட்டுப் பக்கம் தேயிலை இருந்தால் மட்டும் போடுங்கள்.

சின்னம்மா வீட்டு ஹைட்ரேஞ்சியாவைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். நல்ல நீலம். விதைக்கு முன் ஒரு மூட்டை டோலமைட் வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். பாதி வாசலுக்குக் குளோவர், பின்பக்கச் சரிவுக்கு வெட்டிவேர் என்று முடிவாகியிருக்கிறது. ஜூன் மாதத்தில் விதைக்கப் போகிறோம்; நத்தை பொறுக்கும் வேலை என் தலையில்.